ஹேர் டெவலப்பர், ரெசின் கேட்டலிஸ்ட்... கூரியர் போடுறதுக்கு முன்னாடி லேபிளைப் பார்த்தீங்களா?

கூரியர் புக் பண்ணும்போது 'உள்ளே என்ன இருக்கு?'ன்னு ஒரு கட்டம் வரும். பெரும்பாலும் நாம யோசிக்காம 'காஸ்மெட்டிக்ஸ்', 'கிஃப்ட்', 'ஆர்ட் ஐட்டம்'னு எதையாவது அடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் ஹேர் கலர் செட், ரெசின் கிட் விற்கிறவரா நீங்க? அப்போ அந்தக் கட்டத்துல கொஞ்சம் நில்லுங்க. நீங்க பேக் பண்ற பாட்டில்களில் சில, சர்வதேச விதிகளின்படி 'ஆபத்தான சரக்கு'.

ஐ.நா. வகைப்பாட்டில் இவை 5-வது வகுப்பு. 5.1 என்றால் ஆக்ஸிஜனேற்றிகள். இவை தாமாக எரியாமல்கூட இருக்கலாம். ஆனால், பக்கத்தில் எரிகிற எதற்கும் ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுக்கும். 5.2 என்றால் கரிம பெராக்சைடுகள். எரிபொருளும் ஆக்ஸிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் இருப்பதால், வெப்பமோ அழுக்கோ சேர்ந்தாலே சிதைய ஆரம்பிக்கும் ரகம்.

'சின்ன பாட்டில்தானே'ன்னு தோணுதா? 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டா கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகள் ஏற்றப்பட்டன. உள்ளே, விமானங்களில் பயணிகளின் முகமூடிக்கு ஆக்ஸிஜன் தரும் கருவிகள். அவற்றின் வேதிப்பொருள் சோடியம் குளோரேட், ஓர் ஆக்ஸிஜனேற்றி. சரக்குச் சீட்டில் இருந்ததோ, 'ஆக்ஸி கேனிஸ்டர்கள் - காலி'. உண்மையில் அவை காலாவதியானவை, காலியானவை அல்ல. பாதுகாப்பு மூடிகளும் போடப்படவில்லை. கிளம்பிய சுமார் 10 நிமிடங்களில் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. இருந்த 110 பேரும் இறந்தார்கள்.

இதில் மனதை உறுத்துவது ஒன்று. அந்தச் சரக்கு அறை காற்றுப் புகாதபடி வடிவமைக்கப்பட்டது. தீப்பிடித்தாலும் ஆக்ஸிஜன் இல்லாமல் தானே அணைந்துவிடும் என்பது கணக்கு. உள்ளே இருந்த சரக்கே ஆக்ஸிஜன் தயாரித்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? சீட்டில் சரியாக எழுதியிருந்தால், யாராவது ஒருவர் அதை இறக்கி வைத்திருப்பார்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். ஹேர் டெவலப்பரில் '20 வால்யூம்', '30 வால்யூம்'னு போட்டிருக்கும். 1 மில்லி திரவம் 20 மில்லி ஆக்ஸிஜன் வாயுவைத் தரும் என்பதுதான் அந்த 20. ஹைட்ரஜன் பெராக்சைடு அளவில் 20 வால்யூம் சுமார் 6 சதவிகிதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலுக்குப் போக்குவரத்து விதி வைத்திருக்கும் கோடு 8 சதவிகிதம். அதாவது, ஒரே பிராண்ட், ஒரே டிசைன் பாட்டில். ஆனா 20 ஒரு பக்கம், 30 இன்னொரு பக்கம்! பிளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்ஃபேட் உப்புகளும் 5.1-ல் வருபவைதான்.

ரெசின் ஆட்களுக்குத் தனி எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசினோடு 'கேட்டலிஸ்ட்'னு கொடுக்கிற குட்டி பாட்டில் பெரும்பாலும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. அசல் 5.2. கூடவே வரும் கோபால்ட் ஆக்சிலரேட்டரை இதோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கவே செய்யலாம். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு 'கிட்'டாக அனுப்புவது எவ்வளவு பெரிய ரிஸ்க்! எபாக்ஸி ஹார்டனர் பெராக்சைடு இல்லை. ஆனால், அதில் பல ரகங்கள் 'அரிக்கும் பொருள்' என்ற 8-வது வகுப்பில் வரும். அதற்கும் ஃப்ரீ பாஸ் கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது? ஆபத்தான பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்பது 1898 சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2023 சட்டம் வந்த பிறகும் அஞ்சல் துறையின் தடை தொடர்கிறது. விமானச் சரக்குக்குத் தனி விதிகள் இருக்கின்றன. சிறு அளவுகளுக்குச் சில சலுகைகள் உண்டு. அதற்கும் குறிப்பிட்ட பேக்கிங், முத்திரை எல்லாம் வேணும். பழியை எல்லாம் வீட்டிலிருந்து விற்கிறவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பாட்டிலைத் தயாரிப்பவரும் மொத்தமாக விற்பவரும் இதைச் சொல்லித்தான் கொடுக்கணும். சொல்லலைன்னா, நீங்க கேளுங்க.

கேட்க வேண்டியது, 'சேஃப்டி டேட்டா ஷீட்'. அதில் 14-வது பகுதி முழுக்கப் போக்குவரத்துத் தகவல்தான். வகுப்பு எண் அங்கே இருக்கும். லேபிளில் வட்டத்தின் மேல் தீ எரிகிற படம் இருந்தால் அது ஆக்ஸிஜனேற்றி. 5.1, 5.2 என்று வந்தால், ஆபத்தான சரக்கு ஏற்க அனுமதி உள்ள நிறுவனத்திடம் பொருளின் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கணும். 'ரோடு வழியாத்தான் போகும்'னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. தூரத்து ஊர் பார்சல் விமானத்தில் ஏறிடலாம். பழைய நியூஸ்பேப்பரைத் திணித்து பேக் பண்ணவே கூடாது. பெராக்சைடு கசிந்தால் முதலில் பற்றிக்கொள்வது அந்தக் காகிதம்தான்.

ஏற்கெனவே அனுப்பிட்டீங்களா? டிராக்கிங் நம்பரை எடுத்துக்கிட்டு உடனே கூரியர் ஆபீஸுக்குப் போன் போடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு உள்ளது உள்ளபடி சொல்லி, விமானத்தில் ஏற்றாம நிறுத்தச் சொல்லுங்க.