பிரேக் பிடித்தால் போதுமா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அனுபவப்பட்ட பேருந்து ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரமாட்டார். ஏறிய கியரிலேயே இறக்கி, என்ஜினைக் கொண்டே வண்டியை இழுத்துப் பிடிப்பார். பழகாதவர் மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையிலேயே லைனிங் கருகும் வாடை அடிக்கும். பிரேக்குக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு என்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

விமானம் என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. “தரையில் ஓடும்போதே கோளாறு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டியதுதானே?” என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல உயிர்களைக் குடித்த எண்ணம் அது.

தரையில் இருப்பதெல்லாம் நின்றுவிடும் என்பது முதல் தவறு. மலைப்பேருந்து 30 கி.மீ. வேகத்தில் வருகிறது, விமானம் 270 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 9 மடங்கு. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ டன்னுக்கு 81 மடங்கு. ஒரு நொடி தயங்கினால் 75 மீட்டர் ஓடுபாதை போய்விடும். அதனால்தான் எடை, ஓடுபாதை நீளம், காற்று, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் ‘வி ஒன்’ என்ற வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். யோசிக்கத் தொடங்குவதற்கான வேகம் அல்ல அது. நிறுத்துவதென்றால் அதற்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும். அதுவரை கேப்டனின் கை உந்துவிசை நெம்புகோல்கள் மேலேயே இருக்கும். ‘வி ஒன்’ என்ற குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

ஒரு என்ஜின் போனால் விழுந்துவிடுமே என்பார்கள். விழாது. வி ஒன்னுக்குப் பிறகு ஒரு என்ஜின் நின்றாலும் மற்றதை வைத்து மேலேறும்படிதான் பயணிகள் விமானங்களைக் கட்டுகிறார்கள்.

பெரிய அதிர்வு வந்தால்? 1982 செப்டம்பர் 13 அன்று ஸ்பெயினின் மலாகாவில் ஸ்பான்டாக்ஸ் நிறுவனத்தின் டிசி-10 நியூயார்க்குக்குப் புறப்பட்டது. மூக்குச் சக்கர டயரின் மேல்பட்டை பிய்ந்து, விமானம் குலுங்கியது. மூக்கைத் தூக்கும் வேகத்தைக் கடந்த பிறகு கேப்டன் நிறுத்த முயன்றார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் கடந்து தீப்பிடித்தது. 394 பேரில் 50 பேர் இறந்தனர். அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அன்றைய பயிற்சி என்ஜின் கோளாறுக்கு இருந்தது, டயர் கோளாறுக்கு இல்லை.

குறைந்த வேகத்தில் ‘கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடு’ என்பது சரிதான். சுமார் 80 நாட் (knot) வேகத்துக்குக் கீழே, சிறிய எச்சரிக்கை வந்தாலும் நிறுத்துவார்கள். அதற்கு மேலே தீ, என்ஜின் செயலிழப்பு போன்றவற்றுக்கு மட்டும்.

வி ஒன் தாண்டினால் நிறுத்தவே கூடாதா? அப்படியும் இல்லை. 2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் வில்லோ ரன்னில், மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை ஏற்றிய எம்டி-83 மூக்கைத் தூக்க மறுத்தது. நிறுத்தி வைத்திருந்தபோது அடித்த பலத்த காற்றில் வால் பகுதி இயக்கம் சிக்கிக்கொண்டிருந்தது. பறக்கவே முடியாத விமானம் அது. கேப்டன் நிறுத்தினார்; அது ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. 116 பேரும் பிழைத்தார்கள். ஓடுபாதைக்கு அப்பால் தடையில்லாத நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் விரிவுபடுத்தியிருந்தார்கள்.

கொல்லிமலைக்காரர்கள் வெளிநாடு போக ஏறும் திருச்சியிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 வழிகாட்டும் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியபடி மேலேறியது. ‘ஏன் நிறுத்தவில்லை?’ என்பது தப்பான கேள்வி. கேப்டனின் இருக்கைச் சாய்மானம் பின்னுக்குச் சரிந்ததில் நெம்புகோல்களும் பின்வாங்கி உந்துவிசை குறைந்திருந்தது, இருவருமே கவனிக்கவில்லை. கேட்க வேண்டியது, மீட்டர் காட்டிய அந்தக் குறைவை உரிய நேரத்தில் ஏன் பார்க்கவில்லை என்பதுதான். 136 பேருடன் அந்த விமானம் துபாய் போகாமல் மும்பையில் இறங்கியபோதுதான், அதன் வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது தெரிந்தது.