மிளகும் மிளகாயும் கொரியத் தொடுகறியும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வோர் நெஞ்சில் வல்வில் ஓரி எழுவான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டுச் சந்தையில் நிற்பவர்க்கோ அன்னாசியும் பலாவும் வாழையும் மிளகும்தான் முதலில் கண்ணிற்படும். இவற்றுள் அன்னாசி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அம்மலைச் சரிவுகளில் விளையும் மரவள்ளியும் அவ்வாறே. மலை அவற்றை வேற்றுப் பயிர் என்று ஒதுக்கவில்லை.

இதனை ஈண்டுக் கூறக் காரணம் உண்டு. கொரியத் தொடர்களைக் கண்டு, அந்நாட்டுக் காரக் காய்க்கறியைச் சுவைக்க விழையும் மாணவச் செல்வங்கள் இன்று பலர். ‘நம் உணவு போதாதா?’ எனப் பெரியோர் சிலர் கடிகின்றனர். இளையோரோ, புட்டியிலும் பொட்டலத்திலும் வருவதே உண்மையான கொரிய உணவு என நம்பிப் பணத்தை இறைக்கின்றனர். இரு சாராரும் செய்தியை முழுதும் அறிந்திலர் என்பது என் துணிபு.

மிளகாய் என்னும் சொல்லையே நோக்குக. காரத்துக்கு மிளகை நம்பியிருந்த தமிழர், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழி வந்த அமெரிக்கக் காய்க்கு மிளகின் பெயரையே சார்த்தி வழங்கினர். கொரியர்க்கும் அது பின்னாளில் கடல் கடந்து வந்த காயே. இன்று மிளகாயின்றி அவர்தம் சிவந்த கிம்ச்சி இல்லை. நம் குழம்பும் இல்லை. அவ்வாறிருக்க, யார் உணவை யார் அயலது என்பது?

முட்டைக்கோசை உப்பிட்டு நாட்கணக்கில் புளிக்கவைக்கும் கிம்ச்சி வேறு. கலந்தவுடன் உண்ணும் தொடுகறி வேறு. வீட்டில் விரைந்து செய்யத்தக்கது பின்னது. முள்ளங்கியைத் தீக்குச்சி அளவில் நறுக்கி, உப்புப் பிசறிக் கால்மணி நேரம் வைத்தால் நீர் விடும். அதனைப் பிழிந்துவிட வேண்டும். இல்லையேல் காரம் காயிற் பற்றாது. பின்னர் நசுக்கிய பூண்டு, வெங்காயத்தாள், சிறிது வினிகர், சிறிது சர்க்கரை, மிளகாய்த்தூள் இட்டுக் கையாற் பிசைய வேண்டும். சர்க்கரைக்கு மாற்றாகச் சோளக்காட்டு அன்னாசித் துண்டுகளைச் சேர்ப்பினும் பிழையில்லை.

கொரிய மிளகாய்த்தூள் பெரும்பாலும் விதை நீக்கிக் கொரகொரப்பாகப் பொடிக்கப்படுவது. நிறம் மிகுதி, காரம் குறைவு. காஷ்மீர் மிளகாயின் விதையை உதிர்த்துப் பொடித்தால் அதற்கு அணுக்கமாகும். நம் குண்டு மிளகாயை அவ்வளவு இட்டால் நா தாங்காது! அவர்தம் நல்லெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து பிழிவது. நம் செக்கிலோ எள்ளை வறுக்காமல் ஆட்டுகிறோம். ஆகவே எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினால் அம்மணம் ஓரளவு கிட்டும். இதற்குப் புட்டி எதற்கு?

வருபவை அனைத்தும் தீங்கற்றவை என்று நான் வாதிடவில்லை. மரவள்ளி பரவியபோது கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலம் சுருங்கியது. பணப்பயிர் வீட்டுத் தானியத்தின் இடத்தைப் பிடித்தது. பொட்டலத்தைக் குறித்த என் அச்சமும் அத்தகையதே. செய்முறை மட்டும் வருமாயின் நம் உழவர் விளைவித்த முள்ளங்கி விலைபோகும்; பொட்டலமே வருமாயின் அது சந்தையிற் கிடந்து வாடும். கொல்லிமலைச் சாமையில் வடித்த தயிர்ச்சோற்றுக்கு இத்தொடுகறி மிக இயையும். பெரியோர் இதனைப் பச்சடி என்றே அழைத்து உண்ணட்டும், எனக்கு மறுப்பில்லை.