கூரையில்லாத கௌரவம்

இரண்டாவது உலக யுத்தத்தில் மடிந்த தம் மக்களின் ஞாபகார்த்தமாக, கனடா தேசத்தின் ஊர்கள் சில அந்த யுத்தகாலத்து ஆகாய விமானங்களை மேடைமேலும் தூண்மேலும் ஏற்றித் திறந்த வெளியில் நிறுத்தி வைத்தன. எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் உயர்ந்த எண்ணம் உலோகத்தை மழையிலிருந்து காப்பாற்றிவிடாது. கிடைத்தற்கரிய பொருளை வெயிலிலும் பனியிலும் நிறுத்தி வைப்பது அதற்குச் செய்யும் மரியாதையன்று. அதை மெல்ல மெல்ல அழிக்கும் காரியமேயாகும். கனடா மக்கள் ஐம்பது வருஷ அனுபவத்தில் கற்ற இந்தப் பாடத்தை, பழம்பொருள்களை உடைய ஒவ்வொரு தேசத்தாரும் கவனிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

நாம் குறிப்பிடுவது லங்காஸ்டர் என்னும் நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானத்தை. மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. அவற்றுள் 430 கனடாவில், டொரான்டோ நகரையடுத்த மால்டனில் உற்பத்தியானவை. யுத்தம் முடிந்தபின் கனடா விமானப்படை அவற்றில் சிலவற்றைக் கடற்பிரதேசக் காவலுக்கும், வடதுருவப் பிராந்தியத்தைப் படம் பிடிப்பதற்கும் உபயோகித்து, 1964-ல் சேவையிலிருந்து நீக்கிற்று. பெரும்பாலானவை உலோகத்திற்காக உடைக்கப்பட்டன. உலகம் முழுவதிலும் முழு உருவுடன் எஞ்சியவை இருபதுக்கும் குறைவு. அவற்றிலும் கணிசமானவை கனடாவில் தப்பியதற்குக் காரணம், சிற்றூர் மக்கள் அவற்றைப் பெற்றுத் தம் ஊரில் வைத்துக்கொண்டதுதான். அவர்கள் முன்வராதிருந்தால் அவை என்றோ உலைக்களம் புகுந்திருக்கும். இந்த நன்றியை மறந்து பேசுவது நியாயமாகாது.

ஆனால், உலையிலிருந்து மீட்ட பொருளை மழைக்கு ஒப்படைத்தால் மீட்டதன் பயன் யாது? விமானத்தின் உடல் மெல்லிய அலுமினியக் கலப்பு உலோகத் தகடுகளால் ஆனது. அத்தகடுகள் எஃகு ஆணிகளைத் தொடும் இடங்களில் ஈரம் சேருமாயின், அலுமினியம் அரித்துப் பொடியாகிறது. மூட்டுகளில் தேங்கும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து தகடுகளைப் பிளக்கிறது. பறவைகள் உள்ளே கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சமும் உலோகத்தைத் தின்கிறது. கண்ணாடி போன்ற மேல்மூடிகள் வெயிலில் மங்கி வெடிக்கின்றன. வெளியே புது வர்ணம் பூசிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் க்ஷேமமாகத் தோன்றும். உள்ளே எலும்புக்கூடு இற்றுக்கொண்டிருக்கும்.

டொரான்டோவில் ஏரிக்கரையில் தூண்மேல் நின்ற லங்காஸ்டரை 1999-ல் இறக்க நேர்ந்தது. வின்ட்ஸர் நகரின் ஜாக்ஸன் பூங்காவில் 1965 முதல் நின்றதை 2005-ல் இறக்கினர். எட்மண்ட்ஸ்டன் என்னும் ஊரில் 1964 முதல் நின்றதோ, யுத்தத்தில் நேரே கலந்துகொண்ட விமானம்; அரை நூற்றாண்டுக்கு மேல் பனியில் நின்றபின், 2017-ல்தான் ட்ரென்டன் விமானப்படைக் காட்சிசாலைக்குக் கொண்டுபோகப்பட்டது. இழந்த வருஷங்களைத் திரும்பப் பெற முடியுமா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. முதலாவது, "இது எங்கள் ஊர்ச் சொத்து, எங்கள் வீரரின் ஞாபகச் சின்னம், ஊர் நடுவே யாவரும் காண நிற்கட்டும்" என்பது. இதில் உணர்ச்சி உண்டு; சட்டம் இல்லை. கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ, அப்படியே இத்தகைய பொருளுக்கு அவ்வூரார். அதை அழியவிடும் உரிமை எந்தத் தர்மகர்த்தாவுக்கும் இல்லை. யாவரும் காண வேண்டுமெனில் வழி உண்டு. வின்ட்ஸர் நகரத்தார் பழைய விமானத்தைக் கூரையின் கீழ்ச் சேர்த்துவிட்டு, பூங்காவில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மாதிரி உருவங்களை நிறுத்தினர். மூலவர் கர்ப்பக்கிருகத்தில் இருக்க, உற்சவர் வீதி வலம் வருவதில் நமக்கு அதிசயம் ஒன்றுமில்லையே!

இரண்டாவது வாதம் பணமில்லை என்பது. அல்பர்ட்டா மாகாணத்தில் நான்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1960-ல் அவ்வூரார் மூவர் ஒரு லங்காஸ்டரை வாங்கினர். அது நெடுங்காலம் சாலையோரத்தில் நின்றது. 1986-ல் ஊரார் ஒரு சங்கம் அமைத்தனர். பிறகு கட்டடம் எழுப்பி விமானத்தை உள்ளே சேர்த்தனர். அதன் இயந்திரங்கள் தரையில் மறுபடி முழங்கின. காட்ரிச் என்னும் ஊரில் தூண்கள்மேல் நின்ற மற்றொன்றை விமானப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1977-ல் பெற்றது. 1979-ல் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு ஹாமில்டன் நகருக்குக் கொண்டுசென்றது. 1988 செப்டம்பரில் அது வானில் எழுந்தது. 2014-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்துக்கும் பறந்து சென்றது. எனவே குறைவு பணத்தில் அன்று, மனத்தில்தான்.

மூன்றாவது வாதமே கனமானது. ஹாம்பர்க் நகரையும் டிரெஸ்டனையும் எரித்து, பெண்டு பிள்ளைகளைக் கொன்ற கருவியைப் போற்றுவானேன் என்று கேட்கிறார்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பணிபுரிந்து உயிர் துறந்தவர் 55,000 பேருக்கு மேல். கனடா வாலிபர் மட்டும் பதினாயிரத்திற்கு அதிகம். எரியும் விமானத்தில் சிக்கிய தோழனை விடுவிக்க முயன்று, தன் உடை தீப்பற்ற 1944-ல் உயிர் நீத்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கி அவர்களுள் ஒருவன். இந்தத் தியாகமும் உண்மை; அந்த நகரங்களின் சாம்பலும் உண்மை. 2007-ல் கனடா யுத்தக் காட்சிசாலையில் இந்தக் குண்டுவீச்சைப் பற்றிய விளக்கப் பலகையின் வாசகத்தைப் பழைய போர்வீரர்களின் ஆட்சேபத்தின்பேரில் மாற்ற நேர்ந்தது. வாசகத்தை மாற்றலாம்; சாட்சியை மாற்ற முடியாது. பொருள் நிலைத்தால்தான் பின்சந்ததியார் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புக் கூற முடியும். சாட்சியைத் துருவுக்கு இரையாக்கிவிட்டால் மிஞ்சுவது அவரவர் கூறும் கதையே.

கைவிடப்பட்ட விமானத்தைக் காப்பாற்றுவது நமக்குப் புதிதல்ல. யுத்த முடிவில் கான்பூரில் வேண்டுமென்றே சேதப்படுத்திப் போடப்பட்டிருந்த லிபரேட்டர் விமானங்களை, 1948 முதல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் பழுது பார்த்துப் பறக்கவிட்டனர். நம் விமானப்படை அவற்றை 1968 வரை உபயோகித்தது. பிறகு அவற்றுட் சில இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா தேசங்களின் காட்சிசாலைகளுக்குச் சென்றன. பயனற்றது என்று பிறர் தள்ளியதை நம் தொழிலாளர் கை உயிர்ப்பித்தது.

செய்ய வேண்டியது தெளிவு. முதலில் கூரை, வர்ணப் பூச்சு பிறகு. திறந்த வெளிக்கு மாதிரி உருவம் போதும். காக்க இயலாத ஊர், இயன்றவரிடம் கௌரவமாக ஒப்படைக்கட்டும். மடிந்தவரின் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டு, அவர்கள் ஏறிச் சென்ற விமானத்தை மழையில் விடுவது அஞ்சலியாகாது.