சங்ககிரி மலை எந்தச் சாதிக்கும் பட்டா இல்லை!

தோழர்களே!

ஆடி 18. காவிரிக்கரையில் புதுத்தண்ணியைக் கும்பிட்டு, பெண்கள் மஞ்சள் கயிறு மாத்துற நாள். இதே ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் நம்ம சங்ககிரி கோட்டையில் தீரன் சின்னமலையை வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான். 1805 ஜூலை 31. அப்போது அவருக்கு வயது 49.

ஆனால் கதை தொடங்கியது இளவட்டத்தில்.

காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரி, மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார். "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறிச்சுக்கிச்சுன்னு போய்ச் சொல்லு" என்று ஆளை அனுப்பினாராம். அந்தப் பேரே நிலைத்தது என்பது கொங்கு மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

அதே மைசூரோடுதான் பின்னாளில் கைகோத்தார். ஏன்? கும்பினிக்காரன் நாட்டையே விழுங்க வந்துவிட்டான். 1792-லேயே சேலம் சீமை அவன் கைக்குப் போயிருந்தது. 1799 மே 4-ல் திப்பு சுல்தான் களத்தில் விழுந்தார். கொங்குச் சீமையும் போனது. சின்னமலை மட்டும் பணியவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அறச்சலூர் என மூன்று களங்களில் கும்பினிப் படையை விரட்டினார். கடைசியில் அவரைப் பிடித்தது வீரத்தால் இல்லீங்க, காட்டிக்கொடுத்தவனின் துரோகத்தால்.

அவர் தனியாகப் போராடினாரா? இல்லை. தம்பிமார் இருந்தார்கள். படைத்தளபதி கருப்பசேர்வை இருந்தார். சங்ககிரியில் அவரோடு சேர்ந்தே தூக்கில் தொங்கினார். செருப்புக்குள் ஓலையை ஒளித்து உளவுச் செய்தி அனுப்பியதாக மக்கள் போற்றும் அருந்ததியர் வீரர் பொல்லான் இருந்தார். பல சாதி, பல மதம், ஒரே எதிரி. அதுதான் சின்னமலையின் படை.

இன்னிக்கு என்ன நடக்குது? பேனரில் அவர் படத்துக்குக் கீழே சாதிப்பேர். சாதி மாறிக் காதலித்ததுக்காகப் பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிற மண்ணும் இதுதான். வெள்ளைக்காரன் ஒரே கயிற்றில் தொங்கவிட்டவர்களை நாம் சாதி பார்த்துப் பிரிக்கலாமா?

சேலம், நாமக்கல் தோழர்களே! சங்ககிரிக்கு மாலையோடு வாங்க. சாதிக்கொடி வேண்டாம். சின்னமலை பேரைச் சொல்லும்போது கருப்பசேர்வை பேரையும், பொல்லான் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்க.

தீரன் சின்னமலைக்கும் அவரோடு நின்ற அத்தனை பேருக்கும் வீரவணக்கம்!

#தீரன்சின்னமலை #ஆடி18 #சங்ககிரி