அரைச்செவியால் கேட்கப்படும் காதல்

பாப் மார்லியின் ‘ஒன் லவ்’ வெறும் உற்சாகக் காதற்பாட்டு என்போர் அதன் முதலடியோடு செவியை மூடிக்கொள்கின்றனர். 1976 டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று ஜமைக்காவை நீங்கிய கலைஞன், லண்டனில் உருவாக்கி 1977இல் வெளியிட்ட ‘எக்ஸோடஸ்’ தொகுப்பின் பாடல் அது. மனிதகுலத்தை வதைப்போனுக்கு மீட்சி உண்டா என்ற வினா அதனுள் உண்டு. பின்னாளில் அதுவே ஜமைக்காவின் சுற்றுலா விளம்பரமாயிற்று. கடற்கரை எஞ்சியது, வினா மறைந்தது.

ஐதராபாத்துக்கு இவ்வநீதி புதிதன்று. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் நின்ற பொதுவுடைமைக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன் (1908–1969). அவரது கஜல் ‘பஜார்’ (1982) திரைப்படத்தில் ஒலிக்கிறது. இந்நகரின் ஏழைப் பெண்கள் வளைகுடாச் செல்வர்க்கு மணம் என்ற பெயரில் விற்கப்படுவதைச் சொல்லும் படம் அது. அந்தச் சந்தையை மறந்து, மலரையும் இரவையும் மட்டும் சுவைப்போர் பலர்.

அரசியலே மெய், காதல் வெறும் வேடம் என்பாரும் பிழையே செய்கின்றனர். பெண்ணுக்கு விலை வைக்கும் ஊரில் காதல் எங்ஙனம் தழைக்கும்? துப்பாக்கி ஆளும் தெருவில் அன்பு எவ்வாறு நடமாடும்? காதலை மெய்யாகவே விரும்பியவன் நீதியைக் கேட்டே தீர்வான். நீதியைக் கழித்துவிட்டுக் காதலை ரசிப்பது ரசனையன்று, அரைச்செவிக் கேள்வி.