கூட்டுக்குள் நீளும் லென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பள்ளிக்கரணை பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். சில நாட்களில் சதுப்பு நிலத்தில் நாமக்கோழிகளை விட ரோட்டோரத்தில் காமிரா முக்காலிகள்தான் அதிகமோ என்று சந்தேகம் வரும். (கொஞ்சம் மிகைதான், ஆனாலும்!) கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், ஐ.டி. ஆட்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் என்று எல்லோரும் இப்போது காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள். நல்ல விஷயம்தான். கிரிக்கெட் மேட்ச்சுக்குக் கூட அஞ்சு மணிக்கு எழுந்திருக்காத பையன் ஒரு பஞ்சுருட்டானுக்காக எழுந்திருக்கிறான் என்றால் அதைக் குறை சொல்லக் கூடாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற புதியவர்களில் நிறையப் பேர் முதலில் தேடிப்போவது பறவைக் கூட்டைத்தான். காரணம் ரொம்ப எளிது. பறக்கிற பறவையைப் பிடிக்கக் கை பழக வேண்டும், பொறுமை வேண்டும். கூடு எங்கேயும் ஓடிப்போகாது. தாய்ப்பறவை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள், அலகில் புழுவோடு அம்மா. படத்தைப் போட்டால் 'ஆஹா, தாய்ப்பாசம்!' என்று பாராட்டுகள் குவியும்.

அந்தப் படத்துக்குள் வராத விஷயங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தேன்சிட்டோ, தையல்சிட்டோ, அரசவால் ஈப்பிடிப்பானோ, எதுவுமே தன் கூட்டை நன்றாகத் தெரிகிற மாதிரி கட்டுவதில்லை. இலை மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான் கட்டும். 'பிரேமில் இடிக்கிறது' என்று நாலு இலையைக் கிள்ளி, ஒரு கிளையை வளைத்துக் கட்டிவிட்டால், அதுவரை நிழலில் இருந்த குஞ்சுகள் மேல் நேராக வெயில் அடிக்கிறது. இறகே முளைக்காத உடம்புக்கு நம்மூர் வெயிலை ரொம்ப நேரம் தாங்க முடியாது. அது போதாதென்று காக்கை. ஒரு புதரைச் சுற்றி மூணு பேர் அரைமணி நேரம் நின்றால், அங்கே என்னவோ இருக்கிறது என்று புரிந்துகொள்ள காக்கைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆட்கள் போன பிறகு அது வந்து பார்க்கும்.

இன்னொன்று. அலகில் பூச்சியோடு எதிர்க்கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையின் படம் அடிக்கடி கண்ணில் படும். 'அழகான போஸ்' என்று கீழே எழுதியிருப்பார்கள். பல நேரம் அது போஸே இல்லை. கீழே ஆள் நிற்பதால் கூட்டுக்குப் போகப் பயந்து காத்திருக்கிறது. அந்த நேரமெல்லாம் குஞ்சுகள் பட்டினி.

பழைய ஆட்கள் கூட்டைப் படம் எடுக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்தார்கள், மறுப்பதற்கில்லை. பறவைப் புகைப்படக் கலையே கூட்டில்தான் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் கீர்ட்டன் சகோதரர்கள் 1892-ல் முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டைப் படம் எடுத்தார்கள். 1900-ல் பாடம் பண்ணிய மாட்டுத்தோலுக்குள் ஒளிந்துகொண்டு கூடப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் :) அன்றைக்கு இருந்த கனமான காமிராவுக்கும் மந்தமான பிலிமுக்கும், பறவை நிச்சயமாக வந்து உட்காருகிற ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்குக் கூட்டை விட்டால் வேறு வழி குறைவு. இன்றைக்கு? 2015-ல் வந்த நிக்கான் பி900 என்ற காமிராவிலேயே 83 மடங்கு ஜூம். நூறடி தள்ளி நின்றே மீன்கொத்தியின் கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைப் பிடிக்கலாம். அவர்களுக்கு இருந்த காரணம் இன்று யாருக்கும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்த்தி. துப்பாக்கி வேண்டும் என்று அதில் இல்லை. 2022-ல் வந்த திருத்தத்திலும், சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி என்றால் வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல் எடுப்பதற்குத்தான்.

தொழில்முறைக்காரருக்காவது நெருக்கடி இருக்கிறது, படம் கிடைத்தால்தான் காசு. போட்டிகளின் ஆசை வேறு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய், பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கும் என்று சொல்லி 2010-ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-ல் பரிசு வாங்கிய எறும்புதின்னி, பாடம் பண்ணிய பொம்மை என்று 2018-ல் அதையும் நீக்கினார்கள். பொழுதுபோக்குக்காக எடுப்பவனுக்கு என்ன அவசரம்? படம் கிடைக்காவிட்டால் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அமெச்சூருக்கு இருக்கிற மிகப்பெரிய வசதியே இதுதான். அதை விட்டுவிட்டு 'லைக்'குக்காகத் தொழில்காரனை விட மோசமாக ஓடுவது ஏன் என்றுதான் புரியவில்லை.

மா.கிருஷ்ணனைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. யானையை மட்டும் எழுதவில்லை, காக்கை, அணில், ஓணான் பற்றியெல்லாம் எழுதினார். பத்து லட்சத்தைத் தாண்டும் லென்ஸும் கபினி சவாரியும் இருந்தால்தான் காட்டுயிர்ப் படம் என்று நினைக்கிற பையன்கள் அவரைக் கொஞ்சம் படிக்கலாம். ஒரே தெருவில் ஒரு வருஷம் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைத் தொடர்ந்து எடுத்தவனுக்கு, புலியை ஒருமுறை ஜீப்பிலிருந்து எடுத்தவனை விட அதிகம் தெரிந்திருக்கும். அந்தப் படங்களை இடம், தேதியோடு ஐநேச்சுரலிஸ்டிலோ இபேர்டிலோ போட்டால் ஆராய்ச்சிக்கும் உதவும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். (அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை மட்டும் வாட்ஸப் குழுவில் போட வேண்டாம். மறுநாள் அங்கே திருவிழாதான்.)

கூட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன, ஆட்கள் ஏரிக்கரையோடு சரி. நடுவில் தண்ணீர் இருப்பதால் யாரும் இலையைக் கிள்ள முடியாது. பறவைகள் எச்சமிட்ட தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த ஏரி அது. ஜனவரியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால், இரை தேடப் போனவையெல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும். வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.