முயல் இருக்கிற வீட்டில் என்ன பூச்செடி வைக்கலாம்?

பிள்ளைகளுக்கு முயல் குட்டி வாங்கிக் கொடுப்பது எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கம் இப்போது ரொம்பச் சகஜமாகிவிட்டது. நாய் என்றால் குரைக்கும், பூனை என்றால் பாலில் வாய் வைக்கும். முயல் பாவம், சத்தமே போடாத பிராணி, இரண்டு கேரட்டைப் போட்டால் போதும் என்று ஓர் எண்ணம். கேரட் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பூந்தொட்டி.

எங்கள் தெருவில் ஒரு வீடு. மருமகள் சின்ன வயசுப் பெண். மூத்தவளுக்கு ஆறு வயசு, இளையதுக்குப் பத்து மாசம், தவழ்கிற பருவம். மூத்தவளுக்காக வெள்ளை முயல் ஒன்று வாங்கி வளர்த்தார்கள். மாமியார் நித்தம் சாமி படங்களுக்குப் பூப்போடுகிறவர். முதல் நாள் பூவை எடுத்து, "வாடின பூ கால்ல மிதிபடக் கூடாது, வாயில்லா ஜீவனாவது தின்னட்டும்" என்று முயல் கூண்டில் போட்டுவிடுவார். நல்ல எண்ணந்தான். ரோஜாவும் துளசியுமாகப் போனவரையில் முயலும் கொழுகொழுவென்று இருந்தது. ஒரு பிரதோஷத்துக்கு மறுநாள் விழுந்தது செவ்வரளி மாலை, இலையோடு கட்டியது. மத்தியானம் முயல் மூலையில் குறுகி உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் உயிர் போய்விட்டது.

"சாமிக்குப் போட்ட பூவாச்சேக்கா, அதுல எப்படி விஷம் இருக்கும்?" என்று அந்த மருமகள் என்னைக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. நம் பூஜைக்கு உகந்த செடிகளில் பாதி, வாயில் வைக்கத் தகாதவை. சிவனுக்கு அரளி, பிள்ளையாருக்கு எருக்கு, கொல்லையில் நந்தியாவட்டை. இவை கண்ணுக்கும் சாமிக்கும் உரியவை, வயிற்றுக்கு அல்ல. நமக்கு இது தெரியும், தொட்ட கையைக் கழுவிக்கொள்கிறோம். தரையோடு தரையாக இருக்கிற இரண்டு பேருக்குத்தான் தெரியாது. ஒன்று முயல். இன்னொன்று தவழ்கிற குழந்தை.

அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். பூ, இலை, குச்சி, வேர் எல்லாவற்றிலும் இருதயத் துடிப்பைத் தடுமாற வைக்கிற சத்து இருக்கிறது. இலை காய்ந்து சருகானாலும் விஷம் போகாது. குச்சியைச் செருகி வைத்த ஜாடித் தண்ணீரிலும் அது இறங்கும். மஞ்சள் அரளிக் கொட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த ஜாதியில் இன்னொன்று சில வருஷமாக மொட்டை மாடிதோறும் வந்திருக்கிறது: அடி பருத்து, ரோஸ் நிறத்தில் பூக்கிற அடீனியம். நர்சரிக்காரர்கள் 'பாலைவன ரோஜா' என்று அழகாகப் பெயர் சொல்லி விற்கிறார்கள். பெயரில்தான் ரோஜா. அது அரளிக்குத் தங்கை.

இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தால் முயல் எட்டுகிற இடத்தில் அந்தத் தொட்டி வேண்டாம். எருக்கு, நந்தியாவட்டை, கள்ளி வகை எல்லாம் இதில் அடங்கிவிடும். ஆனால் பால் வடியாததெல்லாம் நல்லது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்! நம் மாநிலப் பூவான செங்காந்தளில் பால் கிடையாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று வயலில் போடுகிறார்களே, அதே கொடிதான். விதையிலிருந்து மூட்டு வீக்கத்துக்கு மருந்து எடுக்கிறார்கள். கிழங்கும் விதையும் கடுமையான விஷம். எங்கள் ஊர்த் தென்பெண்ணை ஆற்றில் கபிலர் குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. அந்தக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வைத்தது காந்தளைத்தான். பாட்டில் முதல் இடம் சரி, கூடத்தில் வேண்டாம்.

நித்தியகல்யாணியும் அப்படியே. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கிற சமர்த்துச் செடி என்று வாசலெல்லாம் வைத்திருக்கிறோம். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் என்ற மருந்து இதிலிருந்துதான் வருகிறது. டாக்டர் அளந்து ஏற்றினால் மருந்து. முயல் தானாக மேய்ந்தால்?

இனி கூடத்துக்குள் வருவோம். மணி பிளாண்ட் இல்லாத வீடு உண்டா? சேப்பங்கிழங்கையும் கருணைக் கிழங்கையும் அரைவேக்காடாகச் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, ஏன் தெரியுமா? அதற்குள் ஊசி ஊசியாகக் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிகங்கள் இருக்கின்றன. மணி பிளாண்ட் இலையிலும், வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையோடு நிற்கிற டிஃபன்பேக்கியாவிலும் இருப்பது அதே ஊசிகள்தான். ஒரு கடி கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும். நமக்கு அது ஒரு நாள் தொல்லை. முயல் வாய் எரிகிறது என்று தீனியை நிறுத்திவிட்டால் அதுவே பெரிய ஆபத்து.

காரணம் முயலின் குடல் அமைப்பு. மாடு போல அசை போடாது, பூனை போல வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. உள்ளே போனது உள்ளேயே பயணம் செய்து வெளியே வந்தாக வேண்டும். குடல் ஓடிக்கொண்டே இருக்க, புல்லும் நாரும் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடக் கூடாது. பல்லை நறநறவென்று கடிப்பது, கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்குவது, எச்சில் ஒழுகுவது எல்லாம் வலிக்கு அடையாளம். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று கைவைத்தியம் செய்யாமல், அது கடித்த இலையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். இலை கையில் இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

குழந்தை விஷயத்திலும் இதே முறைதான். வாயில் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, 108க்குப் போன் செய்யுங்கள். வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையும் கூடவே போகட்டும்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். "முயல் தின்னுதுன்னா நமக்கும் ஒண்ணும் பண்ணாதுடி" என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்வார்கள். அப்படி இல்லை! ஐரோப்பாவில் பெல்லடோனா என்று ஒரு விஷச்செடி, நம் ஊமத்தைக்கு உறவு. சில முயல்கள் அதை மென்று தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். அந்த விஷத்தை உடைக்கிற ஒரு பொருள் பிறவியிலேயே அவற்றின் ரத்தத்தில் உண்டு. எல்லா முயலுக்கும் அது கிடையாது, நமக்கும் கிடையாது. ஆகவே முயலை வைத்துப் பரீட்சை பார்க்காதீர்கள்.

சரி, வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனால் கோபம் வரும். வைக்கலாம் என்பதும் நிறையவே இருக்கிறது. என் ஓட்டு முதலில் செம்பருத்திக்கு. பூவும் இலையும் முயல் ஆசையாகத் தின்னும், குழந்தை பிய்த்தாலும் பயமில்லை, நமக்கும் தலைக்குத் தேய்க்க ஆகும். அடுத்தது ரோஜா, இதழும் இலையும் ஆகும், முள்தான் உறுத்தல். மல்லிகைச் செடியும் வைக்கலாம். ஆனால் கட்டின சரத்தைக் கூண்டில் போடாதீர்கள், நூல் குடலில் சிக்கும். துளசி, புதினா, கொத்தமல்லி மூன்றையும் தைரியமாக வையுங்கள். எங்கள் ஊரில் உலகளந்த பெருமாளும் உண்டு, வீரட்டேசுவரரும் உண்டு. பூ விஷயத்தில் மட்டும் முயல் பெருமாள் கட்சி, சைவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

கூடத்துக்கு அழகாகப் பச்சை வேண்டும் என்றால் அரேகா பாம், இல்லையென்றால் வெள்ளைக் கோடு போட்ட இலை தொங்குகிற 'ஸ்பைடர் பிளாண்ட்'. இரண்டும் முயலுக்குக் கெடுதல் செய்யாதவை. ஸ்பைடர் பிளாண்டைக் கீழே வைத்தால் ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும், அதனால் உறியில் தொங்க விடுங்கள். சோற்றுக் கற்றாழை வேண்டாம். தோலுக்கடியில் வடிகிற மஞ்சள் பால் பேதியாக்கும். ஓமவல்லி, சாமந்தி இரண்டையும் கூண்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்சரியிலிருந்து வந்த செடி எதுவானாலும் உடனே முயல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ரோஜாவுக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள், சில மருந்து செடிக்குள்ளேயே ஊறி இருக்கும். இரண்டு மூன்று மாசம் உங்கள் கையால் வளர்த்து, புதுத் துளிர் வந்த பிறகு கொடுங்கள். கடையில் வாங்கின பூ, கடையில் கட்டின மாலை எதுவுமே முயலுக்கு ஆகாது.

வேலியோரத் தழை பறித்துப் போடுகிறவர்கள் சவுண்டலை (சூபாபுல்) மட்டும் கவனியுங்கள். ஆடு மாடு தின்கிறதே என்று அதையே தினமும் போட்டால் முயலுக்கு முடி கொட்டும். அதிலுள்ள மிமோசின் என்ற பொருளின் வேலை. அகத்தி, கல்யாண முருங்கை இலை, வேலிமசால் ஆகியவை முயல் பண்ணைக்காரர்கள் வழக்கமாகக் கொடுப்பவை. கல்யாண முருங்கையின் சிவப்புக் கொட்டை மட்டும் சேரக் கூடாது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கல்வராயன் மலைப் பக்கமிருந்து யாராவது காட்டு முயல் குட்டி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். நம் வீட்டு வெள்ளை முயல் வேறு ஜாதி.

கேரட்டுக்கு வருகிறேன். படக்கதையில் முயல் கையில் எப்போதும் கேரட் இருக்கும், அதனால் வந்த வினை! கேரட் இனிப்பு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விரல் நுனியளவு துண்டு போதும். அதன் உண்மையான சாப்பாடு புல். உடைந்த பிளாஸ்டிக் டப், பழைய எவர்சில்வர் தாம்பாளம், எதுவானாலும் சரி, நாலு விரற்கடை மண் போட்டு அருகம்புல்லை வேரோடு ஊன்றுங்கள். இரண்டு தட்டு வைத்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை வளரவிட்டு மாற்றி மாற்றி வைத்தால், பால்கனியிலேயே ஒரு சின்ன மேய்ச்சல் நிலம். பிள்ளையாருக்கும் ஆயிற்று.

அந்த வீட்டு மாமியார் அரளிச் செடியை வெட்டிவிடலாமா என்று கேட்டனுப்பினார். வெட்ட வேண்டாம் என்றேன். கொல்லைக் கடைசியில், சுவருக்கு அந்தப்புறம் நிற்கட்டும். பூப்பறித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாடின மாலை கூடத் தரையில் ஒரு நிமிஷமும் கிடக்காமல் நேரே மூடியுள்ள குப்பைக் குழிக்குப் போக வேண்டும். பரணில் உயரமாக மாட்டின படத்திலிருந்து பூ உதிரும் என்பதால், அரளி போடுகிற நாளில் மட்டும் குழந்தையையும் முயலையும் அந்த அறைக்குள் விடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆமாம், மூத்தவள் அழுத அழுகையில் இன்னொரு முயல் வந்திருக்கிறது, சாம்பல் நிறம்.